புயற்கூண்டின் வரலாறு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலிச் செய்திகளைக் கேட்கும்பொழுது, “நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயற்கூண்டு ஏற்றப்பட்டுள்ளது” என்பது போன்ற ஒரு வாக்கியம் உங்கள் காதில் விழுந்திருக்கும். நான் சிறுவனாக இருந்தபொழுது இந்த வாக்கியம் என்னைப் பெரிதும் குழப்பிற்று. கூண்டு என்றால் எனக்குக் கிளிக்கூண்டு தெரியும். சர்க்கஸில் வரும் புலிக்கூண்டு தெரியும். புலியை அடைப்பது போலப் புயலையும் பிடித்து அடைக்க ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள் போலும் என்று நான் எண்ணிக் கொண்டேன். “இவ்வளவு பெரிய காற்றை அந்தக் கூண்டில் அடைக்க முடியுமா, பாட்டி?” என்று கேட்டும் விட்டேன். பாட்டி சிரித்தார். “காற்றை யாரால் அடைக்க முடியும், அப்பா? கடலுக்குப் போகாதே என்று சொல்வதற்காக அதைக் கட்டுகிறார்கள்” என்றார்.

பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. ஆயினும் அந்தச் சிறு விடைக்குப் பின்னே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பதைப் பின்னர்தான் நான் அறிந்தேன். துறைமுகத்தில் ஒரு கூண்டை ஏற்றுவது எளிய செயல். ஒரு கயிறும் ஒரு கம்பமும் போதும். ஆனால் அதை ஏற்றும் வேளை அறிவதற்கு இரண்டு காரியங்கள் கைகூட வேண்டும். புயல் வருகிறது என்று அறிய வேண்டும். அறிந்த செய்தி புயலுக்கு முன்பாகக் கரைக்கு வந்து சேர வேண்டும். இந்த இரண்டும் மனிதனுக்கு எவ்வாறு கைகூடின என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கூண்டு என்பது யாது என்று பார்ப்போம். கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் செய்யப்பட்ட பெரிய அடையாளங்களே அவை. துறைமுகத்திலுள்ள உயர்ந்த கொடிக்கம்பத்தில், தூரத்துக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் தெரியும்படி அவற்றைத் தொங்க விடுவார்கள். ஒவ்வொரு வகை அடுக்கிற்கும் ஒரு பொருள் உண்டு. இரவில் வடிவங்கள் கண்ணுக்குத் தெரியாதல்லவா? ஆகவே அப்பொழுது சிவப்பு விளக்குகளையும் வெள்ளை விளக்குகளையும் ஏற்றுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும், நம் மொழி அறியாத அயல்நாட்டு மாலுமியும் ஒருங்கே புரிந்து கொள்ளத்தக்க மொழி அது.

இனி, புயலை அறிந்த கதைக்கு வருவோம். அது கடலில் தொடங்கவில்லை, கிணற்றில் தொடங்கியது. இத்தாலி நாட்டில் உறிஞ்சு குழாய்களைக் கொண்டு கிணற்று நீரை மேலேற்றியவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். குழாய் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திற்கு மேல் தண்ணீர் ஏற மறுத்தது. இதன் காரணத்தைக் கலிலியோவைப் பின்பற்றிய டாரிசெல்லி என்ற அறிஞர் ஆராய்ந்தார். தண்ணீரைக் குழாய் இழுப்பதில்லை; வெளியிலுள்ள காற்றே தன் எடையால் கிணற்று நீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது என்று அவர் கருதினார். மீன்கள் கடலடியில் வாழ்வதைப் போல, நாமும் காற்று என்னும் கடலின் அடியில் வாழ்கிறோம் என்பது அவருடைய கொள்கை.

இதனை மெய்ப்பிக்க 1643-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பக்கம் அடைக்கப்பட்ட நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் மூடி, பாதரசம் நிறைந்த கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினார்கள். விரலை எடுத்ததும் குழாயிலிருந்த பாதரசம் சிறிது இறங்கி, ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று விட்டது. பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனமானது. தண்ணீர் ஏறக்கூடிய உயரமான 1034 சென்டிமீட்டரை 13.6-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 76 என்று வரும். கிணற்றிலே நீரைத் தாங்கிய அதே காற்றுத்தான் கிண்ணத்திலே பாதரசத்தையும் தாங்குகிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கவில்லையா? இவ்வாறு பிறந்த கருவியே பாரமானி.

காற்றுக்கு எடை உண்டு என்றால், மலை உச்சியில் அந்த எடை குறைய வேண்டும். ஏனெனில் அங்கே நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு. பிரான்சு நாட்டுப் பாஸ்கல் இவ்வாறு சிந்தித்தார். அவருடைய வேண்டுகோளின்படி, அவருடைய தமக்கையின் கணவர் பெரியே என்பவர் 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் புய்-த-தோம் என்னும் மலைமீது பாரமானியைச் சுமந்து ஏறினார். மலையடியில், ஒரு மடத்தில், மற்றொரு குழாயை வைத்து ஒரு துறவியை நாள் முழுவதும் பார்த்துக் கொண்டிருக்கச் செய்தார். உச்சியில் பாதரசம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அடிவாரத்திலோ அசையாமல் நின்றது. மலை ஏறியவரின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கீழே அமர்ந்து, ஒன்றும் மாறவில்லை என்று குறித்துக் கொண்ட அந்தத் துறவியின் பணியும் குறைந்ததன்று. அவர் பார்த்திராவிட்டால், பாதரசம் இறங்கியது மலையினாலா, நாளின் மாறுதலாலா என்று எவரும் உறுதி கூறியிருக்க முடியாது.

ஏனெனில், ஒரே இடத்தில் வைத்த பாரமானியும் நாளுக்கு நாள் சிறிது ஏறி இறங்குவதை மக்கள் விரைவில் கண்டு கொண்டார்கள். செருமனியில் மக்டபர்க் நகரத் தலைவராக இருந்த குவெரிக் என்பவர், 1660-ஆம் ஆண்டில் தம் பாரமானி திடீரென்று மிகத் தாழ்ந்ததைக் கண்டு, கடும்புயல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னார். அவ்வாறே புயலும் வந்தது.

பாரமானி இறங்குவதற்கும் புயலுக்கும் என்ன தொடர்பு? இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வெயிலில் சூடேறிய கடலுக்கு மேலுள்ள காற்று வெப்பமடைகிறது. அதனுடன் நீராவியும் கலக்கிறது. வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று இலேசானது; ஆகவே அது மேலெழும்புகிறது. உயரே செல்லச் செல்லக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி சிறு துளிகளாகி மேகமாகிறது. தண்ணீரை ஆவியாக்க நாம் அடுப்பில் வெப்பம் கொடுக்கிறோம் அல்லவா? ஆவி மீண்டும் நீராகும்போது அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்து விடுகிறது. அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றை மேலும் சூடாக்கி மேலும் உயரே ஏற்றுகிறது. அடியில் காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கி நாற்புறத்திலிருந்தும் ஈரக்காற்று ஓடி வருகிறது. அதுவும் மேலெழும்புகிறது. இந்தச் சக்கரம் ஓயாமல் நடந்தால், காற்றழுத்தத் தாழ்வு புயலாக முற்றுகிறது. புயலுக்கு உணவு கடலின் வெப்பமே. ஆகையால்தான் தரையில் ஏறியபின் புயல் தளர்ந்து போகிறது.

நம்முடைய நாட்டில் பாரமானிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஐரோப்பாவில் பாதரசம் அடிக்கடி பெரிய அளவில் ஏறி இறங்கும். நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள நாடுகளிலோ அது கடிகாரம்போல ஒழுங்காக நடந்து கொள்ளும். காலை பத்து மணி அளவிலும் இரவு பத்து மணி அளவிலும் சற்றே உயரும். மாலை நான்கு மணி அளவிலும் விடியற்காலை நான்கு மணி அளவிலும் சற்றே தாழும். இந்தச் சிறு ஒழுங்கை மீறி அது இறங்கத் தொடங்கினால், ஏதோ நேரப்போகிறது என்று பொருள். ஆனால் ஒழுங்கை அறிந்தவனுக்குத்தானே மீறலும் தெரியும்? 1792-ஆம் ஆண்டில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார்கள். அங்கு 1796-ஆம் ஆண்டு முதல் வானிலைக் குறிப்புகளை முறையாக எழுதி வந்தார்கள். ஒன்றும் நேராத நாள்களையும் விடாமல் குறித்த அத்தகைய ஏடுகளே, என்றேனும் ஒருநாள் நேர்வதை அறிவதற்கு அடிப்படையாக அமைந்தன.

எனினும், ஓரிடத்துப் பாரமானி அவ்விடத்து நிலையை மட்டுமே கூறும். அது இறங்கும்பொழுது புயல் வாசலுக்கு வந்து விட்டது என்று பொருள். புயல் எந்தத் திசையில் இருக்கிறது, எங்கே போகிறது என்று அறிய வேண்டுமானால் அதன் அமைப்பைத் தெரிந்து கொள்ள வேண்டும். இப்பணியில் நம் வங்கக் கடலுக்குப் பெருந்தொண்டு செய்தவர் ஹென்றி பிடிங்டன் என்பவர். கப்பல் தலைவராக இருந்து கல்கத்தாவில் குடியேறிய ஆங்கிலேயர் இவர். 1839-ஆம் ஆண்டு முதல், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடிச் சேர்த்தார். எந்தக் கப்பல் எந்த மணியில் எங்கே இருந்தது, அங்கே காற்று எத்திசையிலிருந்து வீசியது, பாரமானி எவ்வளவு காட்டியது என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். அப்பொழுது, புயற்காற்று நேராக ஓடுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்ற உண்மை அவர் கண்முன்னே தெளிவாகத் தோன்றிற்று. சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை இவரே உருவாக்கினார். 1848-ஆம் ஆண்டில், மாலுமிகளுக்காக இவர் எழுதிய கைந்நூல் வெளிவந்தது.

காற்று ஏன் சுழல வேண்டும்? பூமி தன்னைத் தானே சுற்றுவதே காரணம். தாழ்வை நோக்கி ஓடும் காற்று, பூமியின் சுழற்சியால், வட கோளத்தில் வலப்புறமாக விலகுகிறது. அதனால் நேரே மையத்திற்குச் செல்லாமல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அதைச் சுற்றி வருகிறது. ஆலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் இதிலிருந்து ஒரு விதியை வகுத்தார். வட கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பதே அவ்விதி. சென்னைக் கடற்கரையில் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வடக்கிற்கு முதுகைக் காட்டித் தெற்கு நோக்கி நில்லுங்கள். இடக்கை எங்கே நீள்கிறது? கிழக்கே, கடலை நோக்கி. புயல் அங்கேதான் இருக்கிறது! கருவி ஏதுமின்றி, நம் உடலைக் கொண்டே நாம் அறியக்கூடிய வானிலை இது.

பிடிங்டன் மற்றோர் அபாயத்தையும் கண்டு சொன்னார். புயலில் மிகுதியான உயிர்களைக் கொல்வது காற்றன்று. காற்றால் திரட்டப்பட்டுக் கரைமீது பாயும் கடல்நீரே. வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்தது, கரையோ தாழ்வானது. ஆகவே அங்கே நீர் வெகுதூரம் உள்ளே புகும். கல்கத்தாவிற்கு அருகே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்று கட்ட அந்நாளைய அரசாங்கம் எண்ணியபொழுது, 1853-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு அவர் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். அவ்விடம் என்றேனும் கடலலையால் அழியும் என்று எச்சரித்தார். அவர் சொல் ஏறவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1858-இல் பிடிங்டன் காலமானார். 1867-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த புயல் அத்துறைமுகத்தைப் பாழாக்கிற்று. அறிவு இருந்தது, செவி சாய்ப்பார் இல்லை.

இனி, இரண்டாவது காரியத்திற்கு வருவோம். செய்தி புயலை முந்த வேண்டும். புயலுக்குள் சுழலும் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசினாலும், புயல் முழுவதும் நகர்வது மெதுவாகத்தான். வங்கக் கடற்புயல் பெரும்பாலும் நாளொன்றுக்கு 300 முதல் 500 கிலோமீட்டர் வரை நகரும். ஆயினும் பழங்காலத்தில் கப்பலோ குதிரையோ அதைவிட விரைவாகச் செய்தி கொண்டுவர இயலவில்லை. 1844-ஆம் ஆண்டில் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பியபோது இந்த நிலை மாறிற்று. மனிதனின் சொல் காற்றை முந்திற்று.

இதன் பயனை உணர்த்தியது ஒரு போர். 1854-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், கிரிமியப் போரில் ஈடுபட்டிருந்த ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் பல, கருங்கடலில் எழுந்த புயலால் அழிந்தன. காரணத்தை ஆராயுமாறு பிரெஞ்சு அரசாங்கம் லெவெரியே என்ற வானநூலாரைக் கேட்டுக் கொண்டது. நெப்டியூன் கோள் இருக்குமிடத்தைக் கணக்கினாலேயே கண்டு சொன்னவர் அவர். பல நாடுகளிலிருந்து குறிப்புகளைத் தருவித்து ஒப்பிட்டபோது, அப்புயல் திடீரென்று கருங்கடலில் தோன்றியதன்று, ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து வந்தது என்று தெரிந்தது. வழியிலிருந்த ஊர்கள் தந்தி கொடுத்திருந்தால் கப்பல்கள் தப்பியிருக்கலாம் அல்லவா? வானிலையைத் தந்தியின் மூலம் திரட்டும் ஏற்பாடு பிரான்சில் இவ்வாறு தொடங்கிற்று.

ஆங்கில நாட்டில் அதே எண்ணத்தைச் செயலாக்கியவர் ராபர்ட் பிட்ஸ்ராய். டார்வின் உலகைச் சுற்றிய ‘பீகிள்’ கப்பலின் தலைவர் இவரே. 1854 முதல் அரசாங்கத்தின் வானிலைப் பகுதிக்குத் தலைமை வகித்தார். 1859-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயலில், ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையருகே பாறையில் மோதி உடைந்தது. ஏறக்குறைய 450 பேர் மாண்டனர். உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள், வீட்டுக்கு அருகில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இறந்தார்கள். இந்நிகழ்ச்சி பிட்ஸ்ராயின் உள்ளத்தை வாட்டிற்று. கடற்கரை நிலையங்களிலிருந்து நாள்தோறும் தந்தி பெற்று, 1861-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். எச்சரிக்கை கிடைத்ததும் துறைமுகக் கம்பத்தில் என்ன ஏற்றினார்கள் தெரியுமா? கூம்பும் உருளையும்! கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடதிசைப் புயல். கீழ்நோக்கி இருந்தால் தென்திசைப் புயல். நம் புயற்கூண்டின் மூதாதை இதுவே.

பிட்ஸ்ராய் கூறியவை எல்லாம் பலிக்கவில்லை. பலிக்காதபோது பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அறிஞர் சிலரும் குறை கூறினர். 1865-இல் அவர் மறைந்தார். ஒரு குழு ஆராய்ந்து, இவ்வெச்சரிக்கைக்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று கூறியதனால், 1866-ஆம் ஆண்டின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. அப்போது யார் குரல் எழுப்பினார்கள் என்பதைக் கேளுங்கள்: கடலோடிகள் எழுப்பினார்கள். சில வேளை தவறினாலும் அந்த அடையாளம் தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். 1867-இல் எச்சரிக்கை மீண்டும் வந்தது. தவறக்கூடும் என்ற அச்சத்தால் எச்சரிக்காமல் இருப்பதைவிட, எச்சரித்துத் திருத்திக் கொள்வதே மேல் என்பதை உயிரைக் கடலிடம் ஒப்படைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டில் இவ்வேற்பாடு பெருந்துயரத்திலிருந்து பிறந்தது. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில், கடல் ஹூக்ளி ஆற்றின் வழியே உள்ளே பாய்ந்தது. சுமார் 60,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிட்டார்கள். ஒரு மாதம் செல்லுமுன் மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் தாக்கிப் பல்லாயிரவரைக் கொன்றது. அதன் பிறகே, 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1866-இல் ஒரிசாவில் மழை பொய்த்து நேர்ந்த பஞ்சமும் வானிலை அறிவின் தேவையை உணர்த்திற்று. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை அமைந்தது. பிளான்போர்டு என்பவர் அதன் முதல் தலைவரானார். 1886-க்குள் எச்சரிக்கை முறை பிற துறைமுகங்களுக்கும் பரவிற்று. 1898-இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே வகையான அடையாளங்கள் வகுக்கப்பட்டன.

நாம் வானொலியில் கேட்கும் எண்களின் பொருளை இப்போது சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள். முதல் எண், தொலைவிலுள்ள கடலில் புயலாகக் கூடிய தாழ்வு இருக்கிறது என்று கூறும். இரண்டாம் எண், தொலைவில் புயல் உருவாகி விட்டது என்று கூறும். மூன்றும் நான்கும் அந்தத் துறைமுகத்திற்கே காற்றும் மழையும் வரக்கூடும் என்று எச்சரிப்பவை. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாயக் குறிகள். துறைமுகம் புயற்பாதையின் இடப்புறம் அமையும் என்றால் ஐந்து. வலப்புறம் அமையும் என்றால் ஆறு. புயல் அதன் மீதோ அதற்கு மிக அண்மையிலோ கடக்கும் என்றால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை கடும்புயலுக்கு இதே முறையில் அமைந்த பேரபாயக் குறிகள். இடம், வலம் என்று ஏன் பிரித்தார்கள்? கிழக்கிலிருந்து புயல் நம் கரைக்கு வருகிறது. காற்று எதிர்ச்சுற்றாகச் சுழல்வதால், பாதையின் வலப்புறத்தில், அதாவது வடபக்கத்தில், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். நீரையும் கரைமீது தள்ளும். தென்பக்கத்தில் அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பிடிங்டன் வரைபடத்தில் கண்ட சுழற்சி இன்று கூண்டின் எண்ணில் அடங்கியிருக்கிறது.

பத்தோடு எண்கள் முடிவதில்லை. பதினோராவது எண் ஒன்றும் உண்டு. அதன் பொருள் என்ன? வானிலை நிலையத்துடன் தொடர்பு முற்றும் அறுந்து விட்டது. கடும் அபாயம் உண்டென்று துறைமுக அதிகாரி தாமாகவே கருதுகிறார் என்பதே பொருள். இந்தப் பட்டியலை வகுத்தவர்கள் மிகப் பெரிய புயலோடு நிறுத்தவில்லை. அதற்கும் மேலே, செய்தி வராத நிலையை வைத்தார்கள். இதைப் படித்த நாள் முதல் நான் அந்தப் பதினோராம் எண்ணை மறந்ததில்லை.

அதன் பொருளைத் தமிழ்நாடு ஓர் இரவில் கண்கூடாகக் கண்டது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள். அந்தமான் கடலின் தென்பகுதியில் தோன்றிய தாழ்வு கடும்புயலாகி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, பாக் நீரிணைப் பக்கம் வந்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இரயில் வண்டியைக் கடலலை விழுங்கிற்று. அதில் நூற்றுக்கு மேற்பட்டவர் இருந்தனர். பாம்பன் பாலம் சிதைந்தது. தந்திக் கம்பிகள் அறுந்தன. தீவு வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது. கோயிலும் கடைத்தெருவும் இரயில் நிலையமும் இருந்த தனுஷ்கோடி அதன் பிறகு ஊராகத் தலையெடுக்கவில்லை. இன்றும் அங்கே மணலுக்கிடையே நிற்கும் இடிந்த சுவர்களை நீங்கள் பார்க்கலாம்.

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், டைரோஸ் என்னும் முதல் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிற்று. மேகங்களை மேலிருந்தே படமெடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு வந்தது. இனிப் புயலால் உயிர்ச்சேதம் இராது என்று நாம் எண்ணுவோம். ஆனால் 1970-ஆம் ஆண்டு நவம்பரில், இன்று வங்காளதேசம் எனப்படும் நாட்டின் கரையை ஒரு புயல் தாக்கியபோது, 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் புயலைச் செயற்கைக்கோள் கண்டிருந்தது. வானத்திலிருந்த கண்ணுக்குத் தெரிந்தது, தீவுகளில் உறங்கிக் கொண்டிருந்த குடியானவருக்கு உரிய விதத்தில் எட்டவில்லை.

மற்றோர் உதாரணம் நமக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒரிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். அம்மாநில மக்கள் அதை ஒரு பாடமாகக் கொண்டார்கள். கரையோர ஊர்களில் புயற்காப்பு இல்லங்கள் எழுந்தன. செய்தியை வீடுவீடாகக் கொண்டு செல்ல ஆட்கள் பழக்கப்பட்டார்கள். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் பைலின் என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபொழுது, சுமார் 10 இலட்சம் மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தார்கள். இறந்தவர் தொகை ஐம்பதுக்கு உட்பட்டது. பதினான்கு ஆண்டுகளில் கடல் இரக்கம் கொள்ளவில்லை. கணிப்பு கூர்மையாயிற்று, அதைவிட, கணித்த செய்தி கடைசி வீடு வரை நடந்து சென்றது.

மாணவ நண்பர்களே, வானிலை விஞ்ஞானம் என்றால் பெரிய கருவிகளும் கடினமான கணக்குகளும் என்று அஞ்ச வேண்டாம். பாதரசத்தைப் பார்த்துக் கொண்டு நாள் முழுவதும் அமர்ந்திருந்த துறவியும், கப்பல் குறிப்புகளைச் சேர்த்த பிடிங்டனும் செய்ததை நீங்களும் செய்யலாம். ஒரு நேரான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, விழுந்த மழையை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து குறியுங்கள். காற்று வீசும் திசையைக் குறியுங்கள். மேகத்தின் தோற்றத்தைக் குறியுங்கள். மழை இல்லாத நாளில் ‘மழை இல்லை’ என்று எழுதத் தவறாதீர்கள். ஓராண்டு கழித்து அந்த ஏட்டைப் புரட்டும்போது, உங்கள் ஊர் வானத்தின் ஒழுங்கு உங்களுக்குப் புலப்படும்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த முறை வானொலியில் கூண்டின் எண்ணைக் கேட்டால், அதன் பொருளை அறியாத ஒருவருக்கேனும் எடுத்துச் சொல்லுங்கள். கடலுக்குப் புறப்படும் மீனவராக இருக்கலாம். கரையோரக் குடிசையில் இருக்கும் முதியவராக இருக்கலாம். டாரிசெல்லியின் கிண்ணத்தில் தொடங்கிய வேலையில் கடைசிப் பங்கு அதுதான். அதைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. காற்றை யாராலும் அடைக்க முடியாது என்று என் பாட்டி சொன்னார். ஆனால் கடலுக்குப் போகாதே என்று சொல்ல நம்மால் முடியும். அதை உரிய நேரத்தில் சொல்வோமாக.